பாத்திரத்தில் மீந்தது

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

நாட்குறிப்பு எழுதி ஆறு வருடமாகிவிட்டது. இந்த லெந்தின் நாற்பது நாள் தபசு முடியும்வரை காபியை விடுவது, நாள் தவறாமல் எழுதுவது என்று இரண்டு பொருத்தனை. காபி காலை ஏழு மணிக்கே தோற்றுவிட்டது. இதையாவது காப்பாற்றப் பார்க்கிறேன்.

இந்தச் சேகரத்தின் குருவானவராக நான் நடத்தும் வெள்ளிக்கிழமைத் தியானங்களுக்கு இந்த வருடம் ஒரே சொல்லை எடுத்திருக்கிறேன். ஸ்காண்டலான். வேதத்தில் நாம் 'இடறல்' என்று வாசிக்கிற இடத்தில் கிரேக்கத்தில் இருக்கிற சொல். சேகரக் கமிட்டிச் செயலர் டைட்டஸ் வாத்தியாரிடம் சொன்னேன். "நம்ம சபையில தமிழ்லயே இம்புட்டு இடறல் கெடக்கு, கிரேக்கத்துல வேற எதுக்கு ஐயரே?" என்றார். அந்த மனுஷனிடம் போய்ச் சொன்னேனே, என்னைச் சொல்ல வேண்டும். இறையியல் கல்லூரியில் கிரேக்கம் நடத்த ஆள் தேடுகிறார்களாம். ஜூனில் மாறுதல் வரும்போது இந்தத் தேரிமணலை உதறிவிட்டு அங்கே போய்ச் சேர வேண்டும். இந்தத் தியானங்களைப் பாளையங்கோட்டையில் அச்சடித்து அனுப்பினால் அவர்கள் கண்ணில் படும்.

வெஸ்ட்ரியில், நான் அங்கி மாட்டும் அறையில், எலி. நற்கருணை அப்பப் பொட்டலத்தை ஓரமாகக் கடித்து வைத்திருக்கிறது. கோயில்பிள்ளை வேதமுத்துவிடம் பொறி கொண்டுவரச் சொன்னேன். மணியடிப்பது, கோயிலைப் பெருக்குவது, திருவிருந்துப் பாத்திரங்களைத் துலக்கி வைப்பது எல்லாம் அவர்தான்.

பிப்ரவரி 24, வெள்ளி

முதல் தியானம். இடறல் என்பது வழியில் கிடக்கும் கல், கண்ணைத் திறந்து நடக்க வேண்டியது நடக்கிறவன் பொறுப்பு என்று பேசினேன். பலர் தலையாட்டினார்கள். டைட்டஸ் வாத்தியார் கூட "நறுக்குன்னு இருந்துச்சு" என்றார். வேதமுத்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே தூங்கிவிட்டார். அவர் அப்படித் தூங்குகிற ஆள் இல்லை.

பிப்ரவரி 26, ஞாயிறு

லெந்தில் ஞாயிறுதோறும் இங்கே நற்கருணை உண்டு. பந்தியில் நூற்று நாற்பது பேர். பாத்திரத்தில் திராட்சரசம் நிறைய மீந்துவிட்டது. வழக்கம்போல அது வேதமுத்துவிடம் போயிற்று.

பிப்ரவரி 28, செவ்வாய்

வேதமுத்து பொறி கொண்டுவந்தார். மரப்பெட்டி, மேலே தூக்கி விழும் கதவு, உள்ளே வளைந்த ஒரு கம்பி. தேங்காய்ச் சில்லைச் சுட்டு, கம்பியில் குத்தி, கதவைத் தூக்கி மாட்டிக் காட்டினார். "இந்தக் கம்பியிலதான் சங்கதியே இருக்கு ஐயரே. இதத் தொட்டாத்தான் கதவு விழும். எலி தேங்காயத்தான் பாக்கும், கம்பியப் பாக்காது." அவர் விரல்கள் லேசாக நடுங்கின. கம்பி இரண்டு தடவை நழுவியது. குளிரா என்று கேட்டேன். பிப்ரவரி கடைசியில் இந்த ஊரில் என்ன குளிர்.

அவர் போன பிறகு அகராதியை எடுத்தேன். ஸ்காண்டலான்: பொறிக்குள் இரையைக் கட்டுகிற குச்சி. தொட்டதும் பொறியை விழவைக்கும் குச்சி. அதுதான் சொல்லின் முதல் பொருள். ஒருவனைப் பாவத்தில் விழவைப்பது என்ற பொருள் அதிலிருந்து வந்தது. கல் என்று நான் நீட்டி முழக்கினேனே. கல் தானாகக்கூட உருண்டு வந்து கிடக்கும். பொறி தானாக வராது. யாரோ ஒருவர் இரையைச் சுட்டுக் குத்தி வைக்க வேண்டும்.

அடுத்த வெள்ளி திருத்திக்கொள்ளலாம்.

மார்ச் 3, வெள்ளி

பொறியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினேன். சிறுவர் முதல் கிழவர் வரை எட்டிப் பார்த்தார்கள். போன வாரம் சொன்னது தவறு என்று மட்டும் சொல்லவில்லை. சொல்ல வந்தபோது கண் தன்னால் கடைசி பெஞ்சுக்குப் போனது. வேதமுத்து வரவில்லை.

மார்ச் 5, ஞாயிறு

பந்தியில் தொண்ணூறு பேர்தான். பாத்திரத்தில் ரசம் விளிம்புவரை இருந்தது. ஆராதனைக்கு முன் ஊற்றி வைப்பது வேதமுத்து. எத்தனை பேருக்கு எவ்வளவு என்று அவருக்கு அத்துபடி. பதினோரு வருடமாக ஊற்றுகிறவர்.

ஏன் இவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 8, புதன்

இதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

ஜெபித்து ஆசீர்வதித்த ரசம் மீந்தால் தரையில் ஊற்றக் கூடாது, ஜாடியில் திரும்ப ஊற்றவும் கூடாது. குருவானவர்தான் குடித்து முடிக்க வேண்டும். இது முறை. ரசம் என் மனைவி ஹெப்சிபா செய்வது. கறுப்புத் திராட்சையும் சீனியும் கிராம்பும் போட்டுப் பீங்கான் ஜாடியில் நாற்பது நாள் வைப்பாள். தித்திப்பாக இருக்கும், நன்றாக ஏறவும் செய்யும். எனக்குச் சர்க்கரை இருநூற்றுப் பத்து. டாக்டர் இனிப்பை வாயில் வைக்காதே என்கிறார். கிறிஸ்துமஸ் அன்று சென்னைக்காரர்கள் வருவார்கள் என்று கூடுதலாக ஊற்றப்போய், அரைப் பாத்திரம் மீந்தது. வேதமுத்து பக்கத்தில் நின்றார். அவரிடம் கொடுத்தேன். அன்றுமுதல் அதுவே வழக்கமாகிவிட்டது. அவரும் திருமுழுக்குப் பெற்றவர், சபையின் அங்கத்தினர், பயபக்தி உள்ளவர். இதில் முறைகேடு ஒன்றும் இல்லை.

அவர் ஒரு காலத்தில் குடித்தவர். பதினோரு வருடமாகத் தொட்டதில்லை. ஊரே சாட்சி சொல்லும். அப்படிப்பட்டவருக்கு ஒரு வாய் ரசம் என்ன செய்துவிடும்.

ஏன் இவ்வளவு விளக்கம் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நாட்குறிப்பை வேறு யார் வாசிக்கப் போகிறார்கள்.

மார்ச் 12, ஞாயிறு

காலை மணி அடிக்கவில்லை. ஆறே கால்வரை பார்த்துவிட்டு நானே போய்க் கயிற்றை இழுத்தேன். உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. வேதமுத்து எட்டு மணிக்கு வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. "காய்ச்ச ஐயரே" என்றார். ஏலக்காய் மென்றிருந்தார். ஏலக்காய்க்கு அடியில் இருந்த வாசம் எனக்குத் தெரிந்தது.

அப்படியும் மீந்ததைக் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பாரே, என்ன பதில் சொல்வது என்று இருந்தது. டைட்டஸ் வாத்தியார் காணிக்கைப் பை வைக்க வெஸ்ட்ரிக்குள் வந்தார். அப்போது நான் அங்கியைக் கழற்றிக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பியிருந்தேன்.

மார்ச் 15, புதன்

பஜார் மதுக்கடை வாசலில் வேதமுத்து விழுந்து கிடந்தாராம். பனையேறிகள் இரண்டு பேர் தூக்கிவந்து வீட்டில் போட்டிருக்கிறார்கள். ஹெப்சிபா கேட்டுவிட்டு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். நான் அச்சுப்பிரதி திருத்திக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18, சனி

சேகரக் கமிட்டி கூடியது. நான் தலைமை.

டைட்டஸ் வாத்தியார் எழுந்தார். "குடிச்சான், விழுந்தான், அது வேற. ஆராதன முடிஞ்ச ஒடனே பாத்திரத்தத் தூக்கி மடக்கு மடக்குன்னு குடிச்சத நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். ஐயரு முதுகு அந்தப் பக்கம் திரும்பியிருக்க நேரம் பாத்துக் குடிக்கான். ஆண்டவரோட பாத்திரத்துலயே களவு." பிறகு வேதமுத்துவிடம் திரும்பினார். "யாருவே ஒமக்கு அதிகாரம் குடுத்தது?"

வேதமுத்து துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. ஐயர் ஏதோ சொல்லப்போகிறார், அதுவரை நாம் பேசக் கூடாது என்கிற மாதிரி மரியாதையாகக் காத்திருந்தார். நான் தண்ணீர் குடித்தேன். டம்ளர் காலியாகும்வரை குடித்தேன்.

"யாரும் குடுக்கல. நானாத்தான் எடுத்தேன்" என்றார் வேதமுத்து.

தீர்மானம்: கோயில்பிள்ளை வேலையிலிருந்து நீக்கம். ஒரு வருடம் நற்கருணைக்குத் தடை. குருத்தோலை ஞாயிறன்று பெயர் வாசிக்கப்படும். அவர் குடியிருக்கும் கோயில் வீட்டை உயிர்ப்புப் பண்டிகை முடிந்த மறுநாள் காலி செய்ய வேண்டும். ஏகமனதாக நிறைவேறியது. கீழே கையெழுத்து என்னுடையது.

மார்ச் 21, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 24, வெள்ளி

தொண்டை கட்டிவிட்டது என்று தியானத்தை நிறுத்திவிட்டேன். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. இன்றைய பகுதி, ஒருவனை இடறச் செய்கிறவன் கழுத்தில் மாவரைக்கும் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் போடுவது அவனுக்கு நலம் என்பது. அதை வாசித்துவிட்டு என்ன விளக்கம் சொல்வேன். கழுதை இழுக்கிற அளவு பெரிய கல் என்று கிரேக்கம் சொல்வேனா?

மார்ச் 26, ஞாயிறு

மதியம் ஹெப்சிபா சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "பாத்திரத்த நீங்கதானே குடுத்தீங்க" என்றாள்.

"உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. கிறிஸ்துமஸ்ல இருந்து தொவைக்க வர்ற பாத்திரத் துணியில கறை இல்ல. நீங்க குடிச்சா ரெண்டு சொட்டாவது துணியில சிந்தும். அவரு ஒரு சொட்டு விடமாட்டாரு." மோர்ச் சொம்பை நகர்த்தி வைத்தாள். "கமிட்டில சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன். இன்னைக்கு ஜெபக்கனி என்னப் பாத்து ஸ்தோத்திரம் சொல்லாமப் போறா. அப்பதான் சொல்லலன்னு தெரிஞ்சுது."

ஜெபக்கனி வேதமுத்துவின் மனைவி. கல்லூரி விஷயம் கையில் வரப்போகிற நேரம், இப்போது வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் என் இலையில் மோரை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

பிள்ளைகள் ஓலையைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடி வந்தார்கள். அறிவிப்புகளில் ஐந்தாவதாக வாசித்தேன். "நமது சபை அங்கத்தினர் வேதமுத்து, திருவிருந்தின் ரசத்தைக் களவாய் அருந்திய குற்றத்திற்காக ஒரு வருட காலம் நற்கருணைக்குத் தடைசெய்யப்படுகிறார். சபையார் அவருக்காக ஜெபிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

அவர் வந்திருந்தார். வராமல் இருந்திருக்கலாம். கடைசி பெஞ்சில் சலவை வேட்டி கட்டி உட்கார்ந்து, வாசித்து முடித்ததும் மற்றவர்களோடு சேர்ந்து 'ஆமென்' என்றார்.

ஏப்ரல் 3, திங்கள்

மார்ச் எட்டாம் தேதி எழுதியதை வாசித்துப் பார்த்தேன். முறை, சர்க்கரை, டாக்டர், சென்னைக்காரர்கள். எல்லாம் உண்மை. இரண்டு காரியங்களை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

முதலாவது. நான் இந்தச் சேகரத்துக்கு வந்தபோது, எனக்கு முன்னிருந்த பாக்கியநாதன் ஐயர் பொறுப்புகளை எழுதிக் கொடுத்த தாளில் கடைசி வரி: 'வேதமுத்துவுக்கு அப்பம் மட்டும் போதும். பாத்திரத்தை நீட்ட வேண்டாம். காரணம் அவருக்கும் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியட்டும்.' அந்தத் தாள் இந்த மேசையின் இழுப்பறையில் இரண்டு வருடமாக இருக்கிறது. பந்தியில் பாத்திரம் பக்கத்தில் வரும்போது வேதமுத்து தலையைக் குனிந்துகொள்வதை நானே எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது. கிறிஸ்துமஸ் அன்று அவர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேண்டாம் ஐயரே. எனக்கு ஒத்துக்காது. ஒங்களுக்குத்தான் தெரியுமே" என்றார். எனக்குப் பசி. வீட்டில் விருந்தாட்கள் காத்திருந்தார்கள். சொன்னேன்: "இது குடியா வேதமுத்து? இது ஆண்டவருடைய இரத்தம். இதுல உமக்குக் கெடுதல் வரும்னா உம்ம விசுவாசத்துலதான் கோளாறு."

அவர் கையை முன்னால் கொண்டுவந்து வாங்கிக்கொண்டார்.

தேங்காயைச் சுட்டு வைத்தால் எலி வாசத்துக்கு வரும். நான் வைத்தது தேங்காய் அல்ல, ஆண்டவருடைய பெயர். அதை அந்த மனுஷன் எப்படித் தள்ளுவார்? ஆறு வெள்ளிக்குத் தியானம் எழுதக் கிளம்பிய எனக்கு அந்தக் கம்பி என் கையில்தான் இருந்தது என்று தெரியாதா? தெரியும். பிப்ரவரி 28 அன்றே தெரியும். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

புதிய கோயில்பிள்ளையை இன்னும் போடவில்லை. பாத்திரத்தில் பாதிக்கு மேல் மீந்தது. ஜனங்கள் பார்க்க நானே குடித்தேன். தித்திப்பு தொண்டையில் ஒட்டிக்கொண்டது. தலை சுற்றியது. ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டேன், சரியாகிவிட்டது. ஒரே ஒரு மாத்திரை. இவ்வளவுதான் விஷயம்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர மும்மணி ஆராதனை முடித்து, அங்கியோடு நேரே வேதமுத்து வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் ஜெபக்கனி பானை சட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. அவர் உள்ளே படுத்திருக்கிறார், இன்று காலையிலிருந்து குடிக்கவில்லை, அதனால் உடம்பு ஆடுகிறது என்றாள்.

"நான்தான் கொடுத்தேன் ஜெபக்கனி" என்றேன்.

"தெரியும் ஐயரே." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். "பதினோரு வருசம். புருசன் வாயை மோந்து பாக்காம நான் தூங்குன பதினோரு வருசம். கிறிஸ்துமஸ் அன்னைக்கு வாசம் வந்துச்சு. கேட்டேன். 'ஐயரு கையால குடுத்தாவ, இது குடி இல்லன்னு சொன்னாவ'ன்னாரு. படிச்சவுக சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு நானும் விட்டுட்டேன். வேற எவன் குடுத்திருந்தாலும் வெளக்குமாத்த எடுத்துட்டுப் போயிருப்பேன்."

"கமிட்டில அவர் ஏன் சொல்லல?"

"நானும் கேட்டேன். 'ஐயரக் கூண்டுல ஏத்துனா சபை ஒடஞ்சிரும், நான் ஏற்கனவே ஒடஞ்ச பாத்திரந்தானே'ன்னாரு." அதைச் சொல்லும்போதுதான் அவள் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். "மன்னிப்பு கேக்க வந்தியளா? இங்க கேட்டு என்ன ஐயரே. அவரு பேர இங்கயா வாசிச்சீங்க?"

ஏப்ரல் 8, சனி

டைட்டஸ் வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "பண்டிகை நேரத்துல இது வேணுமா ஐயரே? ஜூன்ல எப்படியும் மாறிப் போயிருவீங்க. வேதமுத்து வீட்டு விசயத்த வேணும்னா ரெண்டு மாசம் தள்ளி வைப்போம். கமுக்கமா முடிச்சிருவோம்."

ஆசையாகத்தான் இருந்தது. எழுதுவதில் என்ன, ஒரு நிமிடம் அப்படியே செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

பிறகு பஸ் பிடித்துப் பாக்கியநாதன் ஐயரைப் பார்க்கப் போனேன். எழுபத்தெட்டு வயது. நாளைய நற்கருணையை அவர் நடத்த வேண்டும் என்று கேட்டேன். காரணத்தைக் கேட்டுவிட்டு, "தாளில் எழுதியிருந்தேனே" என்றார். எந்த பஸ் என்று மட்டும் கேட்டார்.

பேராயருக்கும் கல்லூரிக்கும் நடந்ததைச் சொல்லிக் கடிதம் எழுதி ஹெப்சிபாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். தபாலில் போடும் பொறுப்பு அவளுடையது. நான் வைத்திருந்தால் போடமாட்டேன்.

ஏப்ரல் 9, உயிர்த்த ஞாயிறு

காலை ஆராதனை. கோயில் கொள்ளாத கூட்டம், வெளியே பந்தல்வரை. அறிவிப்புத் தாளை எடுத்தேன். போன ஞாயிறு வாசித்த அதே வாசகம்தான், பெயரையும் குற்றத்தையும் மாற்றியிருந்தேன்.

"நமது சேகரத்தின் குருவானவர் மாசிலாமணி, பதினோரு வருடம் குடியை விட்டிருந்த சகோதரர் வேதமுத்துவுக்கு, வேண்டாம் என்று அவர் மறுத்தும், ஆண்டவருடைய பெயரைச் சொல்லித் தன் கையாலேயே ரசத்தைக் கொடுத்து அவரை விழவைத்த குற்றத்திற்காகவும், அவர் பழி சுமந்தபோது வாயை மூடியிருந்த குற்றத்திற்காகவும், இன்று நற்கருணையிலிருந்து விலகியிருக்கிறார். வேதமுத்து எதையும் திருடவில்லை. சபையார் இருவருக்காகவும் ஜெபிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. ஒரு குழந்தை அழுதது, அதைத் தூக்கிக்கொண்டு தாய் வெளியே போனாள். அங்கியைக் கழற்றிப் பாக்கியநாதன் ஐயரிடம் கொடுத்துவிட்டு நடுவழியே நடந்தேன். நாற்பதடி கூட இருக்காது. இவ்வளவு நீளமான கோயிலா இது என்று இருந்தது. கடைசி பெஞ்சில் வேதமுத்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார், அவ்வளவுதான். மன்னியும் என்று சொன்னேன். "ஆராதன நடக்கு ஐயரே" என்றார்.

பந்தி முடிய ஒரு மணி நேரமானது. எல்லோரும் எங்களைத் தாண்டி முன்னால் போய்த் திரும்பி வந்தார்கள். கடைசியில் பாக்கியநாதன் ஐயர் பீடத்தின்முன் தனியாக நின்று, மீந்ததைக் குடிக்கப் பாத்திரத்தைத் தூக்கினார். வயதானவர், நிறுத்தி நிறுத்திக் குடித்தார். பிறகு தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடித்தார். வேதமுத்துவின் கண் பாத்திரத்தைவிட்டு அகலவே இல்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்த கை நடுங்க ஆரம்பித்தது. பெஞ்சே அதிர்ந்தது.

"ஐயரே" என்றார் மெதுவாக, முன்னாலேயே பார்த்துக்கொண்டு. "என் கையப் பிடிங்க. விட்டா எந்திரிச்சுப் போயிருவேன்."

பிடித்தேன். வேர்த்துச் சில்லென்று இருந்தது. மணிக்கூண்டில் டைட்டஸ் வாத்தியார் கயிற்றை இழுத்தார் போலிருக்கிறது, பண்டிகை மணி தாறுமாறாக அடித்தது. ஜனங்கள் கலைந்து, பந்தலில் காபி கொடுத்து முடித்து, ஜெபக்கனி வந்து எதிரே நிற்கும்வரை நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவள் குனிந்து அவர் வாயை மோந்து பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து அவர் கையை வாங்கிக்கொண்டாள்.